வெல்டிங் பிளான்ட் வாங்குமுன் வீட்டுச் சுவரைப் பாருங்கள்

பழைய சோனகத் தெருவிலோ குவாரி வீதியிலோ ஒரு ஹாட்வெயார் கடையில் நின்று வெல்டிங் பிளான்ட் கேட்டால், முதலில் கண்ணில் படுவது எண்தான். 200, 250, 300 என்று முகப்பில் பெரிதாக அடித்திருப்பார்கள். புதிதாக வாங்குபவருக்கு அந்த எண்ணைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. 300 போட்டதற்கும் 200 போட்டதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் கை தானாக 300 பக்கம் போகும்.

வாரக் கடைசியில் வீட்டுக் கராஜில் ஒரு ஜன்னல் கிறில், ஒரு இறாக்கை, ஒரு கேற் என்று செய்து பார்க்க விரும்புகிறவர்களும், பழைய காரை வைத்து மினுக்குகிறவர்களும் கொழும்பில் நிறையப் பேர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரி வரை தனியார் கார்கள் வராமல் இருந்த காலத்தில், இருக்கிற வாகனத்தின் துருவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு வந்தது. அப்படி வெல்டிங்கைத் தொட்டுப் பார்க்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: கடைக்குப் போகுமுன் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் சுவர் எத்தனை ஆம்பியர் தரும்? நீங்கள் ஒட்டப்போகும் இரும்பு எத்தனை மில்லிமீற்றர்? இந்த இரண்டும் தெரிந்தால் முகப்பில் உள்ள எண் உங்களை ஏமாற்ற முடியாது.

உள்ளே என்ன நடக்கிறது

வெல்டிங் பிளான்ட் செய்கிற வேலை சுருக்கமானது. சுவரிலிருந்து 230 வோல்டில் கொஞ்சம் ஆம்பியரை எடுத்து, 20, 25 வோல்டில் நிறைய ஆம்பியராக மாற்றித் தருகிறது. ரொட் என்கிற வெல்டிங் குச்சியின் நுனி இரும்பைத் தொட்டு இரண்டு மூன்று மில்லிமீற்றர் விலகும்போது, இடையில் உள்ள காற்று மின்னைக் கடத்தத் தொடங்குகிறது. அதுதான் மின்வில். அதன் வெப்பம் பல ஆயிரம் பாகை செல்சியஸ். இரும்பு ஏறத்தாழ 1500 பாகையிலேயே உருகிவிடும். ஆகவே இரும்பை உருக்குவது பெரிய பிரச்சினையே இல்லை.

பிரச்சினை காற்றில் இருக்கிறது. உருகிய இரும்பு ஒட்சிசனையும் நைதரசனையும் இழுத்துக்கொள்ளும். ஆறியபின் பார்த்தால் ஒட்டு முழுக்கத் துளை, தட்டினால் உடையும். ஆகவே உருகிய குளத்தைக் காற்றிடமிருந்து காக்க வேண்டும். ஸ்டிக், மிக், டிக் என்று நீங்கள் கேள்விப்படுகிற வகைகள் எல்லாம் இந்த ஒரு கேள்விக்கான வெவ்வேறு விடைகள்.

சுவீடனின் ஒஸ்கார் கெல்பெர்க் கண்ட விடை, கம்பிக்கு மேல் ஒரு பூச்சைப் பூசுவது. அவர் 1904இல் தொடங்கிய ஈசாப் நிறுவனம் இன்றும் இருக்கிறது. பூச்சு எரிந்து புகையாகி குளத்தை மூடுகிறது. மிச்சம் கசடாக மேலே உறைந்து, ஆறும் வரை காக்கிறது. நாம் ரொட் என்று வாங்குவது இதைத்தான். மிக் முறையில் ஒரு மெல்லிய கம்பி துப்பாக்கியிலிருந்து தொடர்ந்து வரும். சிலிண்டரிலிருந்து காபனீரொட்சைட்டோ, ஆர்கன் கலந்த வாயுவோ சுற்றிலும் பாயும். டிக் முறையில் உருகாத டங்ஸ்டன் ஊசி வில்லை உண்டாக்கும், ஆர்கன் மூடும், நிரப்புக் கம்பியை மற்றக் கையால் கொடுக்க வேண்டும்.

முன்பெல்லாம் பிளான்ட் என்றால் இரண்டு பேர் தூக்கும் டிரான்ஸ்போமர். இப்போது கடைகளில் அதிகம் இருப்பது இன்வேட்டர். சுவர் மின்னை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி மாற்றுவதால் உள்ளே உள்ள டிரான்ஸ்போமர் சிறிதாகிவிடுகிறது. முழு மெஷினும் ஐந்து ஆறு கிலோவில் தோளில் தொங்கும். தொடங்குபவருக்கு இன்வேட்டரே நல்லது. வில் எளிதாகப் பற்றும், நேரோட்ட மின்னைத் தருவதால் அது சீராகவும் நிற்கும், ஒரே வேலைக்கு மின்னும் குறைவாகவே எடுக்கும்.

சுவர் எவ்வளவு தரும்

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பொறுமையாக ஒருமுறை பார்த்தால் வாழ்நாளுக்கும் போதும்.

ஸ்டிக் வெல்டிங்கில் வில்லின் வோல்ட் என்ன என்பதற்கு ஒரு பொது விதி உண்டு: 20 உடன், ஆம்பியரின் 0.04 மடங்கைக் கூட்ட வேண்டும். 100 ஆம்பியரில் ஒட்டினால் 24 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 2400 வொட். மெஷின் வாங்குகிற மின்னில் ஏறத்தாழ 80 வீதம்தான் வில்லுக்குப் போகிறது, ஆகவே சுவரிலிருந்து 3000 வொட் எடுக்கிறது. மலிவான இன்வேட்டர்களின் பவர் ஃபெக்டர், அதாவது வயரில் ஓடும் மின்னில் உண்மையில் வேலைக்கு உதவும் பங்கு, 0.7 அளவில் இருக்கும். அதையும் சேர்த்தால் 230 வோல்டில் 18, 19 ஆம்பியர் வயரில் ஓடுகிறது.

உங்கள் சுவரில் இருப்பது என்ன? சதுர முள் என்றால் 13 ஆம்பியர். பழைய வீடுகளில் பெரிய வட்ட முள் இருந்தால் 15. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், 13 ஆம்பியர் பிளக் 70 ஆம்பியர் வெல்டிங்குக்கும், 15 ஆம்பியர் பிளக் 80 ஆம்பியருக்கும் போதும். அதற்கு மேல் போனால் ஃபியூஸ் என்கிற உருகி உடனே எரிந்து உங்களை எச்சரிக்கும் என்று நினைக்க வேண்டாம். 13 ஆம்பியர் உருகி 18 ஆம்பியரைக் கணிசமான நேரம் தாங்கும். அதுவரை பிளக்கும் சுவருக்குள் உள்ள இணைப்பும் சூடேறிக்கொண்டே இருக்கும். பிளக்கின் முள்ளைச் சுற்றிப் பழுப்பு நிறம் தெரிந்தால், அது நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

300 என்று அடித்த மெஷினுக்கு வருவோம். உண்மையிலேயே 300 ஆம்பியர் தருவதென்றால் வில்லின் வோல்ட் 32, சக்தி 9600 வொட், சுவரிலிருந்து ஏறத்தாழ 75 ஆம்பியர். கொழும்பில் சாதாரண ஒற்றைக் கட்ட வீட்டு இணைப்பு 30 ஆம்பியர். வீடு முழுவதற்கும் சேர்த்துத்தான் அந்த 30. குளிர்சாதனம் ஒரு பக்கம், மின் கேத்தல் ஒரு பக்கம் ஓடும்போது உங்களுக்குக் கிடைப்பது இன்னும் குறைவு. அந்த 300 உங்கள் வீட்டில் ஒருபோதும் வெளியே வராது. பல மலிவு மெஷின்களில் அது உள்ளேயும் இல்லை.

முகப்பை விட்டுப் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். வெல்டிங் மெஷின்களுக்கான சர்வதேசத் தரமான ஐ.ஈ.சி. 60974-1ஐப் பின்பற்றிய மெஷினில் அங்கே ஒரு சிறு அட்டவணை இருக்கும். எக்ஸ் என்ற எழுத்துக்கு எதிரே வீதக் கணக்கு இருக்கும். அதுதான் டியூட்டி சைக்கிள். பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் அந்த ஆம்பியரில் எரிக்கலாம் என்று அது சொல்கிறது. 160 ஆம்பியர், 20 வீதம் என்றால், 160இல் இரண்டு நிமிடம் எரித்து எட்டு நிமிடம் ஆறவிட வேண்டும். ஆம்பியரைக் குறைத்தால் நேரம் வேகமாகக் கூடும். அதே மெஷின் 92 ஆம்பியரில் 60 வீதமும், 70 ஆம்பியரில் நிற்காமலும் ஓடும். 70 என்ற அந்த எண்ணைக் கவனியுங்கள்: உங்கள் 13 ஆம்பியர் பிளக் தரக்கூடியதும் அதுவே. நேர்மையாக அளந்த 160 ஆம்பியர் மெஷின் ஒன்று வீட்டுக்குப் போதும் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

அந்தத் தரம் 40 பாகை வெப்பத்தில் சோதிக்கச் சொல்கிறது. தகரக் கூரைக்குக் கீழே ஏப்ரல் மாத மத்தியானத்தில் கராஜ் அந்த 40ஐ நெருங்கிவிடும். 20 பாகையில் அளந்து எழுதிய மெஷின் இங்கே எழுதியபடி ஓடாது. தகட்டில் டியூட்டி சைக்கிளே எழுதாத மெஷினை வாங்க வேண்டாம். விலை எவ்வளவு குறைவானாலும் சரி.

அதே தகட்டில் ஐ1 மெக்ஸ், ஐ1 எஃப் என்று இரண்டு எண்கள் உண்டு. முதலாவது மெஷின் சுவரிலிருந்து இழுக்கும் உச்ச ஆம்பியர். இரண்டாவது, ஓய்வு நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் வயருக்கு விழும் சுமை. எலெக்ட்ரீஷியனிடம் இந்த இரண்டாவது எண்ணைக் காட்டினால் அவருக்கு வயரின் தடிப்பு விளங்கிவிடும்.

தொடர்ந்து வெல்டிங் செய்யப்போகிறீர்கள் என்றால், மெஷினுக்கு முன் வயரிங்குக்குப் பணம் ஒதுக்குங்கள். மின்பலகையிலிருந்து கராஜுக்குத் தனி இணைப்பு, எலெக்ட்ரீஷியன்கள் 7/0.85 என்று சொல்கிற 4 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், சீ வகை 20 ஆம்பியர் பிரேக்கர், நீல நிறத் தொழிற்சாலை சொக்கட். தகுதி பெற்ற ஒருவரைக் கொண்டு செய்வியுங்கள். ஏர்த் கம்பியைச் சோதிக்கவும் சொல்லுங்கள். இங்கே ஒவ்வொரு வீடும் தன் ஏர்த்தைத் தன் நிலத்தில்தான் அடித்திருக்கிறது. முப்பது வருடத்துக்கு முன் அடித்த கம்பி துருப்பிடித்து வெறும் பெயருக்கு நின்றால் உங்களுக்குத் தெரியாது.

எக்ஸ்டென்ஷன் வயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 20 மீற்றர் நீளம், 1 சதுர மில்லிமீற்றர் தடிப்பு என்றால் 18 ஆம்பியரில் 13 வோல்ட் வயரிலேயே தொலைந்துபோகும். தொலைந்தது 230 வொட்டுக்கு மேல் வெப்பமாக வயரில் நிற்கும். சுருளில் சுற்றியபடி வைத்து ஓட்டினால் அந்த வெப்பத்துக்குப் போக்கிடம் இல்லை. உறை உருகி ஒட்டிக்கொள்ளும். முழுவதையும் அவிழ்த்து விரித்துவிட்டே ஓட்டுங்கள். குறைந்தது 2.5 சதுர மில்லிமீற்றராவது இருக்கட்டும்.

இரும்பு எத்தனை மில்லிமீற்றர்

கிறில், கேற், இறாக்கை, மேசைக் கால் போன்றவை பெரும்பாலும் பொக்ஸ் பார், பட்டை இரும்பு, ஆங்கிள் அயன். தடிப்பு ஒன்றரையிலிருந்து ஐந்து மில்லிமீற்றர் வரை. இதற்கு ஸ்டிக் போதும். 2.5 மில்லிமீற்றர் ரொட், கடையில் 12 கேஜ் என்று கேட்கலாம், 60 முதல் 90 ஆம்பியரில் எரியும். மெல்லிய பொக்ஸ் பாருக்கு 2 மில்லிமீற்றர் ரொட் 40 முதல் 60 வரை. 10 கேஜ் என்கிற 3.2 மில்லிமீற்றர் ரொட்டுக்கு 90 முதல் 130 வேண்டும். அதை வீட்டுப் பிளக்கில் எரிக்க முயன்றுதான் பலர் ரொட் ஒட்டிக்கொள்கிறது என்று மெஷினைக் குறை சொல்கிறார்கள்.

ரொட் பெட்டியில் ஈ6013 என்று இருந்தால் வாங்குங்கள். முதல் 60, ஒட்டின் இழுவை வலிமை சதுர அங்குலத்துக்கு 60,000 இறாத்தல் என்பதைக் குறிக்கிறது. அடுத்த 1, எல்லா நிலையிலும் ஒட்டலாம் என்பது. கடைசி எண் பூச்சின் வகையைச் சொல்கிறது. எளிதில் பற்றும், கசடு எளிதில் கழரும், தொடங்குபவரைப் பெரிதாகச் சோதிக்காது. ஈ7018 வலிமையானது, ஆனால் அதன் பூச்சு சிறிது ஈரத்தையும் தாங்காது. ஈரத்திலிருந்து வரும் ஐதரசன் ஒட்டுக்குள் புகுந்து பின்னர் வெடிப்பை உண்டாக்கும். கொழும்புக் காற்றில் திறந்து வைத்த 7018 பெட்டியைச் சூளையில் உலர்த்தாமல் பாவிப்பதில் பொருளில்லை. 6013ஐக்கூட இறுக மூடும் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். தென்மேல் பருவ மழைக்காலத்தில் திறந்தே கிடந்த ரொட் படபடவென்று தெறிக்கும், ஒட்டில் துளைகள் வரும். ஒரு கிலோ ரொட்டை மொத்தமாக மலிவு விலையில் வாங்கி ஒரு வருடம் வைத்திருப்பதைவிட, சிறு பெட்டியாக வாங்கி முடிப்பது நல்லது.

காரின் தகடு வேறு கதை. மொரிஸ் மைனரோ, 80களின் ஜப்பானியக் காரோ, உடல் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கும். அதில் ரொட்டை வைத்தால் ஒட்டுக்குப் பதில் ஓட்டைதான் கிடைக்கும். மிக் வேண்டும். 0.6 மில்லிமீற்றர் கம்பி, வாயுவோடு, இழுத்துச் செல்லாமல் புள்ளி புள்ளியாக, ஒரு புள்ளி ஆறியபின் தூரத்தில் அடுத்த புள்ளி. வாயு வேண்டாம் என்று விற்கப்படும் ஃப்ளக்ஸ் கோர் கம்பியும் உண்டு. அதன் உள்ளே பூச்சுப் பொடி இருப்பதால் காற்றோட்டமான முற்றத்தில் நன்றாக வேலை செய்யும். ஆனால் சூடு கூட, தெறிப்பும் கூட. ஒன்றரை மில்லிமீற்றர் பொக்ஸ் பாருக்கு நல்லது, கார் கதவுக்குச் சிரமம். அந்தக் கம்பிக்கு மெஷினின் துருவத்தை மாற்ற வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்: துப்பாக்கி மறைப் பக்கம், இரும்பு நேர்ப் பக்கம். வாயுவோடு ஓடும் சாதாரணக் கம்பிக்கு இதற்கு நேர்மாறு.

வாயு பாவிப்பவர்களுக்குக் கொழும்பில் வருகிற ஒரு சங்கடம் மின்விசிறி. அது இல்லாமல் கராஜில் நிற்க முடியாது. அதை ஒட்டும் இடத்தை நோக்கித் திருப்பினால் வாயு பறந்துவிடும், ஒட்டு பஞ்சு போலாகும். உங்கள் முதுகுப் பக்கமாகவோ பக்கவாட்டிலோ தூரத்தில் வைத்து, புகையை மட்டும் வெளியே தள்ளும்படி திசையைப் பார்த்து வைக்க வேண்டும்.

டிக்கை இப்போதைக்கு விடுங்கள். அழகான ஒட்டு, ஆனால் இரண்டு கையும் காலும் சேர்ந்து பழக வேண்டும். அலுமினியத்துக்கு ஆடலோட்டம் தரும் விலை கூடிய மெஷின் வேண்டும். இன்று வாங்கும் ஸ்டிக் இன்வேட்டரில் லிஃப்ட் டிக் வசதி இருந்தால் பின்னாளில் உதவும், அதற்காகவென்று கூடப் பணம் கொடுக்கத் தேவையில்லை. வாயுச் சுடரால் ஒட்டும் அசெற்றிலீன் சிலிண்டர் பஞ்சிகாவத்தைப் பக்கத்து டிங்கரிங் கடைகளின் கைவேலைக்கு உரியது. நெருக்கமாக வீடுகள் நிற்கும் ஒழுங்கையில், வீட்டுக் கராஜில் அதை வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

கண், கை, மூச்சு

ஹெல்மெட்டுக்குச் செலவழிக்கும் பணத்தை மெஷினின் விலையிலிருந்து எடுத்தாவது ஒதுக்குங்கள். தெருவோரத்தில் வெறும் கறுப்புக் கண்ணாடியோடு, ரப்பர் செருப்போடு வெல்டிங் செய்யும் பாஸ்மாரை நாம் எல்லோரும் பார்த்து வளர்ந்திருக்கிறோம். அவர்களின் கைத்திறனில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்தப் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வில்லின் புற ஊதாக் கதிர் கண்ணின் மேற்பரப்பைச் சுடும். சுடும்போது வலிக்காது. ஆறு, எட்டு மணித்தியாலம் கழித்து, இரவில், கண்ணுக்குள் மணல் கொட்டியது போல எரிச்சல் வரும். வந்தால் வீட்டு வைத்தியம் எதையும் கண்ணில் விடாமல் கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்குப் போங்கள். தானாகக் கறுக்கும் ஹெல்மெட் தொடங்குபவருக்கு மிகப் பெரிய உதவி, ஏனென்றால் ரொட்டின் நுனி எங்கே நிற்கிறது என்பதை வில் பற்றும் வரை தெளிவாகப் பார்க்கலாம். 9 முதல் 13 வரை நிழல், அதாவது கண்ணாடி கறுக்கும் அளவு, மாற்றக்கூடியதாக, ஈ.என். 379 அல்லது ஆன்சி இசட்87.1 குறி உள்ளதாக வாங்குங்கள். 10இல் தொடங்கிக் கண்ணுக்கு ஏற்ப மாற்றலாம். கண்ணாடி முன்னால் உள்ள மெல்லிய பிளாஸ்டிக் மூடியை அடிக்கடி மாற்றுங்கள். புகை படிந்த மூடியோடு பார்த்துவிட்டு, கை நடுங்குகிறது என்று நினைக்கிறவர்கள் அதிகம்.

தோல் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய சப்பாத்து. பொலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்; அதை அணிய வேண்டாம். வேர்வையில் நனைந்த கையுறையும் வேண்டாம். மெஷின் ஓய்வாக நிற்கும்போது, ரொட்டைப் பிடிக்கும் ஹோல்டரில் 60, 80 வோல்ட் நிற்கிறது. உலர்ந்த தோலுக்கு அது பெரிதாகத் தெரியாமல் போகலாம். வேர்த்த உடம்புக்கும் ஈரத் தரைக்கும் இடையில் அது உயிரை எடுக்கக்கூடியது.

இங்கே பலருக்கு ஒரு தவறான நம்பிக்கை உண்டு: வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே, அது காப்பாற்றும் என்று. ட்ரிப் சுவிட்ச் சுவர்ப் பக்கத்து மின்னைத்தான் கவனிக்கிறது. பிளான்டின் வெளிப்பக்கச் சுற்று டிரான்ஸ்போமரால் பிரிக்கப்பட்ட தனிச் சுற்று. அங்கே உங்களுக்கு ஷொக் அடித்தாலும் ட்ரிப் சுவிட்சுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே உலர்ந்த ரப்பர் விரிப்பும் உலர்ந்த கையுறையும்தான் பாதுகாப்பு. சுமை இல்லாதபோது வோல்டைத் தானாகக் குறைக்கும் வீ.ஆர்.டீ. வசதி உள்ள மெஷின் கிடைத்தால் நம் காலநிலைக்கு அதைத் தேர்ந்தெடுங்கள்.

மெஷினின் மற்றக் கேபிளின் நுனியில் உள்ள ஏர்த் கிளாம்பை ஒட்டும் இரும்பிலேயே, துருவையும் பெயின்டையும் சுரண்டிய இடத்தில் மாட்டுங்கள். கிளாம்ப் சரியாகப் பிடிக்காவிட்டால் அந்த நூறு ஆம்பியரும் திரும்பிப்போக வேறு வழி தேடும். மேசையில் கிடக்கும் ட்ரில்லின் ஏர்த் வயர் வழியாகப் போனால் அந்த வயர் கருகும். வாகனத்தில் ஒட்டும்போது பட்டரியின் இரு முனையையும் கழற்றிவிட்டு, கிளாம்பை ஒட்டுமிடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள்.

நாகம் பூசிய ஜீ.ஐ. குழாயையும் நாகத் தகரத்தையும் அப்படியே ஒட்டினால் வெள்ளைப் புகை எழும். அதைச் சுவாசித்தால் சில மணித்தியாலத்தில் குளிர்காய்ச்சல் போல உடம்பு நடுங்கும். பால் குடித்தால் சரியாகும் என்று சொல்வார்கள், பால் தடுக்காது. ஒட்டுமிடத்தில் இரண்டு பக்கமும் பூச்சை அரைத்து எடுத்துவிட்டு, திறந்த இடத்தில், சரியான முகமூடியோடு செய்யுங்கள். இதைவிடக் கடுமையானது குளோரின் கலந்த பிரேக் கிளீனர். அதால் துடைத்த இரும்பில் வில் பட்டால் பொஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகலாம். சோப்புத் தண்ணீரால் கழுவி உலர்த்துவதே போதும்.

கராஜில் மோட்டார் சைக்கிள், பெட்ரோல் கான், சமையல் எரிவாயு சிலிண்டர் எல்லாம் ஒன்றாக இருக்கும் வீடுகள் நிறைய. வெல்டிங் செய்யும் நேரம் அவை வெளியே போக வேண்டும். முடித்தபின் அரை மணித்தியாலமாவது அங்கேயே இருந்து பார்க்க வேண்டும். மரத்தூளுக்குள் விழுந்த பொறி மெதுவாகத்தான் பற்றும். அயல்வீட்டுப் பிள்ளைகள் கேற் இடுக்கால் எட்டிப் பார்ப்பார்கள், ஆகவே ஒரு தடித்த திரையும் வேண்டும்.

மற்றக் கருவிகள்

வெல்டிங் என்று நாம் சொல்லும் வேலையில் பெரும்பகுதி வெட்டுவதும் அரைப்பதும்தான். மெஷினுக்கு அடுத்து வாங்க வேண்டியது நாலு அங்குல கிரைண்டர். மெல்லிய இரும்பை வெட்ட 1 மில்லிமீற்றர் டிஸ்க், அரைக்க 6 மில்லிமீற்றர் டிஸ்க், மினுக்க ஃப்ளப் டிஸ்க். வெட்டும் டிஸ்கின் பக்கவாட்டால் அரைக்கக் கூடாது, அது அதற்கான வலிமையோடு செய்யப்படவில்லை.

காவல் தகட்டைக் கழற்றிவிட்டு பெரிய டிஸ்கைப் போடுகிற பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஆட்களை வெட்டியிருக்கிறது. டிஸ்க் தாங்கும் வேகம் அதன் ஓரத்தின் வேகத்தைப் பொறுத்தது. பெரும்பாலும் வினாடிக்கு 80 மீற்றர். நாலு அங்குல டிஸ்க் அந்த வேகத்தை நிமிடத்துக்கு 15,000 சுற்றில் அடைகிறது. ஏழு அங்குல டிஸ்க் 8500 சுற்றிலேயே அடைந்துவிடும். நாலு அங்குல கிரைண்டர் சுற்றுவதோ 11,000. அதில் ஏழு அங்குலத்தை மாட்டினால் அது தாங்கும் எல்லையைத் தாண்டியே சுற்றிக்கொண்டிருக்கிறது, முன்னால் காவலும் இல்லை. டிஸ்கின் நடு வளையத்தில் காலாவதித் திகதியும் அடித்திருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். கிரைண்டருக்குக் காதடைப்பும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

அடுத்தது பிடிக்கும் கருவிகள். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது இழுக்கும். நீங்கள் மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்த 90 பாகை, ஒரு பக்கம் முழுதாக ஒட்டியதும் 88 ஆகிவிடும். அதனால்தான் முதலில் நாலு மூலையிலும் சிறு புள்ளி ஒட்டு, பிறகு மூலைவிட்டங்களை நாடாவால் அளந்து இரண்டும் ஒன்றா என்று பார்ப்பது, பிறகு எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறி ஒட்டுவது. ஜீ கிளாம்ப் நாலு, ஒரு நல்ல மூலைமட்டம், காந்த மூலை இரண்டு, பட்டறையில் போல்ட் போட்டு இறுக்கிய நாலு அங்குல வைஸ் ஒன்று. கிளாம்ப் ஒருபோதும் போதாது. கையில் பணம் இருக்கும்போதெல்லாம் ஒவ்வொன்றாகச் சேருங்கள். மேசையின் மேல்தட்டு இரும்பாக இருக்கட்டும்.

கசடு தட்டும் சுத்தியல், வயர் பிரஷ், அரம், ஹக்சோ எல்லாம் சில்லறைச் செலவு. ட்ரில்லுக்கு 13 மில்லிமீற்றர் சக், வேகம் குறைக்கக்கூடியது. இரும்பில் 10 மில்லிமீற்றர் துளைக்கு நிமிடத்துக்கு 800 சுற்றே போதும், அதற்கு மேல் ஓட்டினால் பிட் நீலமாகி மழுங்கும். ஜப்பானிலிருந்து வந்த பழைய கருவிகளை வாங்கும்போது தகட்டைப் பாருங்கள். 100 வோல்ட் என்று இருந்தால் தனி டிரான்ஸ்போமர் இல்லாமல் சுவரில் போட முடியாது. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடல்காற்றில் கருவி மிக விரைவில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும்.

கடையில்

இப்போது கடைக்குப் போகலாம். கையில் உங்கள் இரண்டு எண்களையும், வீட்டிலிருந்து இரண்டு துண்டுப் பட்டை இரும்பையும் கொண்டு போங்கள். "நானா, 160 ஆம்பியர் இன்வேட்டர் ஒன்று, பின்தகட்டைப் பார்க்கலாமா?" என்று கேட்டால், நீங்கள் விளங்கி வந்திருக்கிறீர்கள் என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். "இதைக் கொண்டு போங்க தம்பி, 250 இருக்கு" என்றால், ஐ1 மெக்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள்.

மெஷினோடு வரும் கேபிளைத் தூக்கிப் பாருங்கள். செப்பு கனமாக இருக்கும். செப்பு முலாம் பூசிய அலுமினியம் இலேசாக இருக்கும், சீக்கிரம் சூடாகும். வெட்டிய நுனியைச் சுரண்டினால் வெள்ளி நிறம் தெரிந்துவிடும். 160 ஆம்பியருக்கு 16 சதுர மில்லிமீற்றர் கேபிள் போதும். ஏர்த் கிளாம்ப் மெல்லிய தகரத்தில் இருந்தால் அதை மட்டும் தனியாக நல்லதாக வாங்கிக்கொள்ளலாம். ஹொட் ஸ்டார்ட், ஆன்டி ஸ்டிக் இரண்டும் தொடங்குபவருக்கு நிச்சயம் உதவும்: முதலாவது பற்றும் கணத்தில் கொஞ்சம் கூடுதல் ஆம்பியர் தரும், இரண்டாவது ரொட் ஒட்டிக்கொண்டால் ஆம்பியரைத் தானாகக் குறைக்கும்.

கடையில் இடமிருந்தால் ஒரு ரொட்டை எரித்துக் காட்டச் சொல்லுங்கள். 2.5 மில்லிமீற்றர் 6013, 75 ஆம்பியரில். வில்லின் நீளம் ரொட்டின் தடிப்பளவு இருக்கும்போது, எண்ணெயில் வடை வேகும் சத்தம் போல விட்டுவிடாமல் ஒரே சீராகக் கேட்க வேண்டும். விட்டு விட்டுக் கேட்டால், ஹோல்டர், கிளாம்ப் இணைப்புகளை இறுக்கிவிட்டு மறுபடி எரிக்கச் சொல்லுங்கள். அதன்பிறகும் அப்படியே என்றால் அடுத்த மெஷினைப் பாருங்கள். பழுதானால் யார் திருத்துவார்கள், உள்ளே உள்ள போர்ட் இங்கே கிடைக்குமா என்பதையும் அப்போதே கேட்டு, உத்தரவாதத்தை பில்லில் மெஷினின் தொடர் எண்ணோடு எழுதி வாங்குங்கள்.

முறையாகப் பழக விரும்புகிறவர்களுக்கு தொழிற்பயிற்சி அதிகாரசபையில் என்.வீ.கியூ. தர வெல்டிங் பாடநெறிகள் உண்டு. அதற்கு நேரமில்லாதவர்கள், இரும்புக் கடையில் 3 மில்லிமீற்றர் வெட்டுத்துண்டுகளைக் கிலோக் கணக்கில் வாங்கி, தட்டையாக மேசையில் வைத்து, நேர்கோடுகளாக ஒட்டிப் பழகுங்கள். ஒவ்வொரு கோட்டையும் ஹக்சோவால் குறுக்கே அறுத்து உள்ளே பாருங்கள். ஒட்டு அடி இரும்புக்குள் இறங்கியிருக்கிறதா, மேலே மட்டும் படிந்திருக்கிறதா என்பது அந்த வெட்டில் தெரியும். மேலே மட்டும் படிந்திருந்தால் ஐந்து ஆம்பியர் கூட்டி அடுத்த கோட்டைப் போடுங்கள்.